மகனுக்குப் பாத்தியதை உண்டு

பிள்ளைக்கு எது நல்லது என்று தகப்பனுக்குத் தெரியும். அடம்பிடிக்கும் பிள்ளையை அதட்டுவதும் அன்புதான். அரசு என்னும் தகப்பனின் அதட்டலுக்குப் பெயர் போலீஸ். அண்மையில் எங்கள் பக்கத்தில் பலர் கைமாற்றிப் படித்த ஒரு கட்டுரையின் சாரம் இது. எழுதியவர் நிறையப் படித்தவர், தத்துவம் கற்பித்தவர். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எனக்குச் சண்டை அவர் எழுத்தோடுதான். ஹெகல், ஃபிஹ்டே என்ற இரண்டு ஜெர்மானியத் தத்துவவாதிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவர்கள் வாயால் இராமநாதபுரம் மாவட்டத்து உப்பூர்க் கரை மக்கள்மீது அவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தச் சாட்சிகள் அப்படிச் சொல்லவே இல்லை. அதிலும் ஹெகல் சொன்னது நேர் எதிரானது.

கட்டுரையாளரின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹெகல் தன் ‘உரிமைத் தத்துவத்தின் அடிப்படைகள்’ நூலில் போலீஸையும் பொதுநலத்தையும் ஒரே தலைப்பில் வைத்தார். ஆகவே பொதுநலம் எதுவென்று முடிவு செய்யும் அதிகாரமும், அதை நிறைவேற்றும் லத்தியும் ஒரே கையில் இருப்பதுதான் அறிவுக்குப் பொருந்திய அரசு. உப்பூரில் அனல்மின் நிலையம் வரவேண்டும் என்று அரசு முடிவு செய்தது பொதுநலம். அதை எதிர்த்துக் கடலில் படகை நிறுத்தியது தனிநலம். மீனவர்களுக்குத் தரும் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் அரசின் கருணை. கருணை பெறுகிறவன் கட்டுப்பட வேண்டும். இந்த இணைப்பு எங்கள் மண்ணிலேயே பலன் தந்தது என்பதற்கு அவர் காட்டும் சான்று, ரேகைச் சட்டம் எனப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். கடைசியில், எதிர்த்தவர்களுக்கு ஹெகலின் ஒரு சொல்லை எடுத்துச் சூட்டுகிறார்: கும்பல்.

முதலில் போலீஸ் என்ற அந்தச் சொல். ஹெகல் எழுதிய ‘போலிட்சை’ என்ற ஜெர்மன் சொல்லைப் படித்ததும் காக்கிச் சட்டையும் ஜீப்பும் கண்ணில் தோன்றினால், அது படிக்கிறவரின் காலம் செய்யும் வேலை. கிரேக்கத்தில் நகர ஆட்சியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் அதன் பொருள் உள்ளாட்சி முழுவதும். யுஸ்தி என்ற ஜெர்மானிய அறிஞர் 1756இல் அதை ஒரு தனி அறிவியலாகவே எழுதினார். மக்கள்தொகை, பயிர், சாலை, சந்தை எல்லாம் அதற்குள் வந்தன. ஹெகல் தன் வகுப்பில் சொன்ன எடுத்துக்காட்டுகளை மாணவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள்: தெருவிளக்கு, பாலம் கட்டுவது, அன்றாடப் பண்டங்களின் விலையைக் கட்டுக்குள் வைப்பது, சுகாதாரம். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் ரேஷன் கடை, எடைக்கல்லுக்கு முத்திரை போடும் ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சியின் குடிநீர்க் குழாய். திருடனைப் பிடிப்பதும் அதில் அடங்கும், ஆனால் ஒரு பகுதியாகத்தான்.

அந்தச் சொல் சுருங்கிய கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. பெர்லினில் க்ரொய்ட்ஸ்பெர்க் என்ற குன்றின்மேல் ஒரு போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் பார்வையை மறைக்கக் கூடாது என்று சுற்றிலும் கட்டடங்களின் உயரத்துக்குப் போலீஸ் வரம்பு கட்டியது. ஒருவர் வழக்குப் போட்டார். 1882இல் பிரஷ்ய உயர் நிர்வாக நீதிமன்றம், போலீஸின் வேலை ஆபத்தைத் தடுப்பது மட்டுமே, அழகைக் காப்பது அல்ல என்று அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. இன்று நாம் போலீஸ் என்று சொல்லும் குறுகிய பொருள் அந்தப் பாதையில் நிலைபெற்றது. அப்போது ஹெகல் இறந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. 1820இன் சொல்லுக்குள் இன்றைய லத்தியைத் திணித்துவிட்டு, லத்திக்குத் தத்துவம் சான்று தந்துவிட்டது என்று எழுதுவது மாணவர் செய்தால் பிழை. கற்பித்தவர் செய்தால் அதைப் பிழை என்று விட முடியாது.

இனி அந்தத் தகப்பன். கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்கும் தூண் இது. ஹெகல் மனிதனை ‘சமூகத்தின் மகன்’ என்று சொன்னது உண்மை; நூலின் 238ஆம் பத்தியில் இருக்கிறது. கட்டுரையாளர் அதுவரை எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். ஹெகல் நிறுத்தவில்லை. சமூகத்துக்கு அவன்மேல் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு பாத்தியதை அவனுக்கும் சமூகத்தின்மேல் உண்டு என்பது அந்த வாக்கியத்தின் மறுபாதி. ஏன் மகன் ஆனான் என்பதையும் அதே பத்தி சொல்கிறது. சந்தையும் தொழிலும் வளர்ந்த சமூகம் மனிதனைக் குடும்பத்திலிருந்து பிய்த்தெடுக்கிறது. அவன் பிழைத்துவந்த தகப்பன் வழி மண்ணின் இடத்தையும், சுற்றியிருந்த இயற்கையின் இடத்தையும் தானே பிடித்துக்கொள்கிறது. அவன் வாழ்வைத் தற்செயலின் கையில் விட்டதும் அதுதான். அதனால் கடன்பட்டதும் அதுவே.

இந்தப் பத்தியை உப்பூரில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. தகப்பன் வழி மண், சுற்றியிருக்கும் இயற்கை. எங்களுக்கு அது உப்பளம், ஆழம் குறைந்த பாக் விரிகுடா, அதில் நண்டு வலை, கரை ஓரத்துக் கடற்புல். தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் இங்கே 800 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையத்தைக் கட்டத் தொடங்கியது. நிலையத்தைக் குளிர்விக்கும் நீரைக் கொண்டுவரவும் திரும்ப விடவும் கடலுக்குள் பாலம் போட்டுக் குழாய் கொண்டுபோகும் வேலையைத்தான் திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணைப் பக்கத்து மீனவர்கள் எதிர்த்தார்கள். அரசு ஒருவனின் கடலை எடுத்தால் அந்தக் கணத்திலேயே அரசு அவனுக்குக் கடனாளி ஆகிறது. இது என் அரசியல் அல்ல, கட்டுரையாளர் கூண்டில் ஏற்றிய சாட்சியின் வாக்குமூலம். அவர் கடனாளியைக் கடன் கொடுத்தவன் என்று மாற்றி எழுதிவிட்டார். மற்ற எல்லாத் தவறும் அதிலிருந்துதான் வருகிறது.

மக்களைப் பிள்ளைகளாக நடத்தும் தகப்பன் அரசைப் பற்றி இந்த ஜெர்மன் தத்துவ மரபின் மூத்தவர் என்ன சொன்னார் என்பதையும் கட்டுரை மறைத்திருக்கிறது. இமானுவேல் கான்ட் 1793இல் எழுதிய கட்டுரையில், தனக்கு எது நன்மை எது தீமை என்று பகுத்தறிய முடியாத பிள்ளைகளைப் போலக் குடிமக்களை நடத்தும் ஆட்சியே நினைக்கக்கூடிய கொடுங்கோன்மைகளில் மிகப் பெரியது என்றார். ஹெகலும் ஃபிஹ்டேயும் கான்டோடு பல இடங்களில் மோதினார்கள். மக்களின் வாழ்வாதாரத்தை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்பதில் அவரைத் தாண்டிப் போனார்கள். ஆனால் கான்டுக்குப் பதில் சொல்லாமல் ‘ஜெர்மன் கருத்துமுதல்வாதம் தகப்பன் அரசை நிறுவியது’ என்று ஒரே வரியில் எழுத முடியாது. எழுதியிருக்கிறார்.

ஃபிஹ்டே விஷயத்தில் அவர் செய்தது இன்னும் மோசம். ஃபிஹ்டேயின் அரசில் சோம்பேறிக்கு இடமில்லை என்று மேற்கோள் காட்டி, நிவாரணம் வாங்குகிறவர்களைச் சாடுகிறார். ஃபிஹ்டே அங்கே இரண்டு பேருக்கு இடமில்லை என்றார்: சோம்பேறிக்கும் ஏழைக்கும். இரண்டாவதை வெட்டிவிட்டு முதலாவதை மட்டும் காட்டுவது மேற்கோள் அல்ல, திரிப்பு. 1796–97இல் வெளிவந்த ‘இயற்கை உரிமையின் அடிப்படை’ நூலில் ஃபிஹ்டே சொன்னது எந்தப் பணக்காரனையும் நடுங்கவைக்கும். ஒவ்வொருவரும் தன் உழைப்பால் வாழ முடியவேண்டும் என்பதுதான் சொத்து ஒப்பந்தத்தின் அடித்தளம். ஒருவனால் உழைத்து வாழ முடியவில்லை என்றால், அந்த நொடி முதல் அவனைப் பொறுத்தவரை ஒப்பந்தம் முறிந்துவிட்டது. மற்றவர்களின் சொத்தை மதிக்கும் கடமை அவனுக்கு இல்லை. ஆகவே அவனுக்குக் கொடுப்பது தருமம் அல்ல. கொடுப்பவர்கள் தங்கள் சொந்தச் சொத்துக்கு அடித்தளம் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைத் தடைக்காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளைக் கரையில் கட்டச் சொல்கிறது அரசு. மீன் பெருகினால் பயன் எல்லோருக்கும். அடுப்பு அணைவது மீனவர் வீட்டில் மட்டும். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் இந்த நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று முதலமைச்சர் அறிவித்தார். உப்பளத் தொழிலாளர்களுக்கும் மழை மாதங்களில் பாத்தி நீரில் மூழ்கி வேலை இல்லாத காலத்துக்கு 5,000 ரூபாய் தரும் வழக்கம் 2022இல் வந்தது. இவற்றைக் ‘கருணை’ என்று எழுதுகிற கை, இரண்டு மாதம் சம்பளத்தை நிறுத்திவிட்டு இந்தத் தொகையை அந்தக் கைக்குக் கொடுத்தால் என்ன பெயர் வைக்கும்? ஃபிஹ்டேயின் கணக்கில் இது பொதுமக்கள் செலுத்தவேண்டிய பாக்கி. போதுமான பாக்கியா என்பதுதான் பேசவேண்டிய கேள்வி.

ஃபிஹ்டேயிடம் இருண்ட பக்கமும் இருக்கிறது; அதை நான் மறைக்கமாட்டேன். நல்ல போலீஸ் உள்ள அரசில் ஒவ்வொரு குடிமகனும் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்பது தெரிந்திருக்கும் என்றார். எல்லோரும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும், சிலருக்கு அதில் உருவப்படமும் வேண்டும் என்றார். இதைக் கட்டுரையாளர் பாராட்டி எழுதுகிறார். அவர் கொண்டாடும் ஹெகல் இதே இடத்தைக் கடுமையாகத் தாக்கியது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. 1801லேயே, முப்பத்தோரு வயதில், ஃபிஹ்டேயின் அரசு உயிருள்ள சமூகம் அல்ல, இயந்திரம் என்று ஹெகல் எழுதினார். இருபது ஆண்டு கழித்து ‘உரிமைத் தத்துவ’த்தின் முன்னுரையிலும் அந்தப் படம் ஒட்டிய சீட்டை விடாமல் எள்ளினார். தத்துவத்துக்கு இதுவா வேலை என்பது அவர் கேள்வி. ஃபிஹ்டேயேகூட ஒற்றர்களை வைத்து மக்களை வேவு பார்க்கும் உரிமை அரசுக்கு இல்லை என்று கறாராக மறுத்தவர். அந்தப் பகுதியும் கட்டுரையில் இல்லை.

சீட்டு என்றதும் ரேகைச் சட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் கோபம் பெரிது.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அரசு எழுதியதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொன்னார்கள். சட்டத்தின் சாரம் அந்தப் பெயரிலேயே இருந்தது: விரல் ரேகை. 1911இன் சட்டத்துக்குப் பிறகு மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்மேல் அது பாய்ந்தது. எந்தக் குற்றமும் செய்யாதவனும் அந்தச் சாதியில் பிறந்த ஆண் என்பதற்காகப் பெயரைப் பதிந்து ரேகை வைக்கவேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ‘ராதாரிச் சீட்டு’ வாங்கவேண்டும். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்ற மக்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். 1929இல் எங்கள் இராமநாதபுரத்தில் ஆப்பநாட்டு மறவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதை எதிர்த்துத்தான் முத்துராமலிங்கத் தேவரின் அரசியல் வாழ்வு வேகம் பிடித்தது. 1947இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கும்வரை இது நடந்தது.

பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், விவசாய உதவிகள் வந்தன. அந்தப் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. அவற்றில் படித்து மேலே வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த வாத்தியார்களை நான் வணங்குகிறேன். ஆனால் கட்டுரையாளர் சொல்வது என்ன? ரேகையும் பள்ளியும் ஒரே கையிலிருந்து வந்ததால்தான் பலன் கிடைத்ததாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கத் தகப்பனின் கட்டைவிரலில் மை தடவவேண்டிய தேவை என்ன இருந்தது? அந்த ஊர்ப் பிள்ளை படித்தது பள்ளியால், மையால் அல்ல. நூறு ஆண்டு கடந்த பிறகும் ஒரு படித்த மனிதர் பெருங்காமநல்லூரின் இரத்தத்தைப் பொதுநலக் கணக்கில் வரவு வைக்கிறார் என்றால் அதைத் தத்துவம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. ஹெகலிடம் இதற்கு ஆதரவு தேடவும் முடியாது. ஒருவன் யூதன், கத்தோலிக்கன், ஜெர்மானியன், இத்தாலியன் என்பதால் அல்ல, மனிதன் என்பதால் மனிதனாக மதிக்கப்படுகிறான் என்று 209ஆம் பத்தியில் எழுதியவர் அவர். பிறப்பை வைத்துக் குற்றவாளிப் பட்டியல் போட்ட சட்டத்துக்கு அந்தப் பத்தியில் நிற்க இடம் இல்லை.

தருமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேதுபதிகள் ராமேசுவரம் வழியில் சத்திரங்கள் கட்டிச் சோறு போட்ட மரபையும் கட்டுரையாளர் தன் பக்கம் இழுக்கிறார். அந்தச் சோறு பலர் உயிரைக் காத்தது. ஆனால் 242ஆம் பத்தியில் ஹெகல் இதைத்தான் பேசுகிறார்: பிச்சை இடுவதும், திருவுருவங்களின் முன் விளக்கேற்றி வைப்பதும் தனி மனத்தின் நல்லெண்ணத்தைச் சார்ந்தவை, இன்று இருக்கும், நாளை இல்லாமல் போகலாம், ஆகவே பொது மருத்துவமனை வேண்டும், ஏழைகளுக்கு நிறுவனம் வேண்டும், தெருவிளக்கு வேண்டும். எங்கள் உப்பூர் வெயிலுகந்த விநாயகர் சன்னதியில் எரியும் விளக்கு பக்தரின் மனசு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எரியாத விளக்கு என் வழக்கு.

கட்டுரையில் உண்மையிலேயே வலுவுள்ள இடம் ஒன்று உண்டு. போலிட்சையின் தலையீட்டுக்கு நிலையான எல்லைக்கோடு கிடையாது என்று ஹெகல் 234ஆம் பத்தியில் ஒப்புக்கொள்கிறார். எது தீங்கு, எது தீங்கில்லை என்பதை வழக்கமும் காலமும் நெருக்கடியும்தான் முடிவு செய்யும் என்கிறார். இது ஆபத்தான வாசல்தான். இதன் வழியே பல கெட்டது நுழைய முடியும், நுழைந்தும் இருக்கிறது. ஆனால் எல்லை இல்லாததால் போலிட்சை எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்து மக்களின் வெறுப்பைச் சம்பாதிக்கும் என்றும் அதே இடத்தில் அவர் எச்சரித்தார். அதற்காகத்தான் அடுத்த பகுதியில் ஒரே தொழில் செய்பவர்கள் தாங்களே கூடி நடத்தும் சங்கங்களைக் கொண்டுவந்தார். அவற்றை மனிதனின் இரண்டாவது குடும்பம் என்றார்.

அந்த இரண்டாவது குடும்பம் எப்படி இருக்கும் என்று பார்க்க பெர்லின் போகவேண்டாம். எழுபதுகளில் விசைப்படகுகள் பெருகி, நாட்டுப்படகுக்காரர்களின் வலையை அறுத்தபோது இந்தக் கரையில் கைகலப்பும் தீவைப்பும் நடந்தன. கடைசியில் வந்தது மூன்று நாள்–நான்கு நாள் முறை: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. மீனவர் தரப்பும் அதிகாரிகளும் சேர்ந்து உருவாக்கி, மீனவர்களே காத்துவரும் ஒழுங்கு அது. மீறல் உண்டு, சண்டை உண்டு. இருந்தும் அரை நூற்றாண்டாகப் பாக் விரிகுடாவில் யார் எப்போது வலை போடுவது என்பதை நிர்ணயிக்கிறது. ஒருவன் பிழைப்பு இன்னொருவன் பிழைப்பைத் தின்னாமல் பார்த்துக்கொள்வதுதான் ஹெகலின் போலிட்சை. உப்பூர் மக்கள் ஒழுங்குக்கு எதிரிகள் அல்ல; கட்டுரையாளர் தத்துவ நூலில் தேடிய ஒழுங்கைக் கடலில் நடத்திக்கொண்டிருப்பவர்கள். கடலுக்குள் பாலம் இறக்கியபோது அவர்கள் கேட்டதும் இதே நியாயம்தான்.

ஹெகல் எல்லாவற்றையும் தீர்த்துவைத்தார் என்று நான் சொல்லவில்லை. வறுமை என்ற கேள்வியிடம் அவர் தோற்றார். செல்வம் இவ்வளவு குவிந்த சமூகமும் வறுமையைத் தடுக்கும் அளவு செல்வமுள்ளதாக இல்லை என்று நேர்மையாக எழுதினார். எழுதிவிட்டு, மிச்ச மக்களைக் கடல் தாண்டிக் குடியேற்றங்களுக்கு அனுப்பும் வழியைக் காட்டினார். அந்தக் குடியேற்றங்கள் யார் மண்ணில் என்று அவர் கேட்கவில்லை. அது மன்னிக்க முடியாத மௌனம். ஆனால் அந்தத் தோல்வியிலும் ஒரு வரி மிச்சமிருக்கிறது. இயற்கைக்கு எதிராக எவனும் உரிமை கோர முடியாது. சமூகமாக வாழும் நிலையில் நேரும் இல்லாமை, ஏதோ ஒரு வகுப்புக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற வடிவத்தை உடனே எடுத்துவிடுகிறது. புயல் வலையைக் கிழித்தால் மீனவன் கடலின்மேல் வழக்குப் போடுவதில்லை. கழிவுநீர்க் குழாய் வந்தால் போடுவான்.

அப்படி வழக்குப் போட்டவர்களுக்குத்தான் கட்டுரையாளர் சூட்டியது கும்பல் என்ற அந்தச் சொல். ஹெகலின் நூலில் வறுமை மட்டும் யாரையும் கும்பல் ஆக்குவதில்லை. உழைத்து வாழும் கௌரவத்தை இழந்து, நியாய உணர்வே செத்து, எதுவும் தனக்குச் சும்மா கிடைக்கவேண்டும் என்ற மனநிலை வரும்போதுதான் அவர் அந்தச் சொல்லை எடுக்கிறார். அந்த நிலையை உண்டாக்குவது சமூகம் என்றும் சொல்கிறார். 1819–20 விரிவுரைகளில் ஒரு படி மேலே போய், எதையும் பணத்தால் செய்துவிடலாம், எந்தச் சட்டமும் தன்னைத் தொடாது என்று நினைக்கும் செல்வத்திடமும் இதே கும்பல் புத்தி உண்டு என்றார். கட்டுரையாளர் அந்தப் பக்கத்தை நோக்கி ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

உப்பூர்க் கரையில் நியாய உணர்வு செத்தவர் யார்? மக்கள் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், கடலில் இறங்கி நின்றார்கள். பிறகு விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021 மார்ச்சில் அதன் தென்மண்டல அமர்வு, திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு திட்டத்தை உடன்குடிக்கு மாற்றும் பேச்சு மின்கழகத்திலிருந்தே வந்தது. அரசு முடிவு செய்ததாலேயே அது பொதுநலம் என்று கட்டுரையாளர் சத்தியம் செய்த திட்டத்தை, அரசு அமைத்த தீர்ப்பாயமே ‘நில்’ என்று நிறுத்தியது. கும்பல் என்று அவர் எழுதியது, நண்டு வலையைப் பிரித்துக்கொண்டே வழக்கின் தேதியை நினைவில் வைத்திருந்த மனிதர்களை.